உங்களுக்குத் தெரியுமா? பொங்குமாங்கடலும் புல்லட்டும்

குற்றாலம் பேரருவி நேரே தலையில் விழுவதில்லை. நடுவே பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் இறங்கி, வேகம் தணிந்த பிறகே கீழே வருகிறது. குளிப்பவருக்கு அது வரம், என்ஜினுக்கு வினை!

சிலிண்டர் ஹெட்டில் காற்று நுழையும் போர்ட்டை அளவுக்கு மீறிக் குடைந்தால், காற்றின் வேகம் இப்படித்தான் குறையும். ரேஸ் டிராக்கில் உச்ச ஆர்பிஎம்மில் பறப்பவருக்குச் சரி. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் மெல்ல ஏறும் வண்டி திணறும். கண்ணாடிபோல் பாலிஷ் போடுவதும் பெரும்பாலும் வீண் வேலைதான். கவனம் வேண்டிய இடம், வால்வுக்குச் சற்றுமுன் போர்ட் வளையும் உள்பக்கத் திருப்பம். அங்கே விளிம்பு கூராக இருந்தால், காற்று சுவரைவிட்டு விலகிச் சுழலும்.

காற்று வந்துபோகும் வால்வுகளின் எண்ணிக்கையும் வண்டிக்கு வண்டி மாறும். ராயல் என்ஃபீல்டின் பழைய புல்லட்டில் 2 வால்வுகள். அதே நிறுவனத்திடமிருந்து 2018-இல் வந்த இன்டர்செப்டர் 650-இல் சிலிண்டருக்கு 4. 648 சிசியில் 47 குதிரைத்திறன்.