தொலைபேசி மணியும் கணினியின் கதவும்

2018 மார்ச் மாதம், எங்கள் திகன எரிந்த நாட்கள். நான் தரம் ஐந்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஊரடங்குச் சட்டம் அமுலில் இருந்தது. 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் தடைசெய்யப்பட்டன. வெறுப்புப் பேச்சு பரவாதிருக்கவே தடை என்றார்கள். ஆனால் "நாங்கள் சுகமாக இருக்கிறோம்" என்ற செய்தியும் அதனோடு நின்றுபோனது. அன்று, தூசி படிந்து கிடந்த எங்கள் வீட்டுத் தொலைபேசி மணியடித்தது. மாத்தளையிலிருந்து பேசிய சாச்சியின் குரலைக் கேட்டதும் உம்மா அழுதுவிட்டார்.

குரல் போகின்ற அதே கம்பியில் கணினியின் செய்தியும் போகுமா? உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கத் தொடங்கிய பின்னரே விடை கிடைத்தது. போகும். அதற்கான கருவிதான் மொடெம்.

கணினிக்குத் தெரிந்தது 0, 1 மட்டுமே. தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலுக்காக அமைந்தது. ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியையே கடத்தும். மொடெம் 0, 1 என்பவற்றை அந்த எல்லைக்குள் அடங்கும் ஒலியாக்கி அனுப்புகிறது. மறுமுனையிலுள்ள மொடெம் அதை மீண்டும் 0, 1 ஆக்குகிறது.

மொடெமைக் கணினியோடு இணைப்பது தொடர் வடம். ஒற்றையடிப் பாதையில் ஆட்கள் நடப்பதுபோல, அதில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். யுனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் அந்த வாசலைக் காப்பது 'கெட்டி' என்ற சிறிய செய்நிரல். அழைப்பு வந்து மொடெம் பதிலளித்ததும், கெட்டி பயனர் பெயரைக் கேட்கும். அடுத்துக் கடவுச்சொல் கேட்கப்படும். இரண்டும் சரியானால் கதவு திறக்கும்.

இங்கே இரண்டு விடயங்களில் கவனம் தேவை. முதலாவது, வேகம். தொடர் வடத்தின் ஒரு முனையில் செக்கனுக்கு 9,600 பிட் என்றால் மறுமுனையிலும் அதுவே இருக்கவேண்டும். மாறினால் திரையில் அர்த்தமற்ற குறிகளே தோன்றும். இரண்டாவது, பாதுகாப்பு. அழைப்பு அறுந்ததை மொடெம் ஒரு தனிக் கம்பி மூலம் கணினிக்கு அறிவிக்கிறது. அதைக் கவனிக்குமாறு கணினியை அமைக்காவிட்டால், முன்னவர் திறந்துவைத்த கணக்குக்குள் அடுத்து அழைப்பவர் நுழைந்துவிடலாம். வீட்டைப் பூட்டாமல் போவது போன்றது அது.

இது பழைய காலத்துக் கதை என்று நினைக்கவேண்டாம். 2011 ஜனவரியில் எகிப்து அரசு இணையத்தைத் துண்டித்தபோதும் வீட்டுத் தொலைபேசிகள் இயங்கின. பிரான்ஸின் எப்.டீ.என். என்ற சிறிய இணைய அமைப்பு தன் மொடெம்களுக்கான தொலைபேசி இலக்கத்தை எல்லோருக்கும் அறிவித்தது. பயனர் பெயர் 'டோட்டோ', கடவுச்சொல்லும் 'டோட்டோ'. பழைய மொடெம் வைத்திருந்தவர்கள் அவ்வழியே உலகத்தோடு பேச முடிந்தது.

9,600 பிட் வேகத்தில் செக்கனுக்கு 960 பைட்டுகள் செல்லும். ஒரு மெகாபைட் புகைப்படத்துக்குப் பதினேழு நிமிடங்கள் வேண்டும். ஆனால் இந்தக் கட்டுரை முழுவதும் ஏறத்தாழப் பத்து செக்கன்களில் போய்ச் சேர்ந்துவிடும். "நாங்கள் சுகமாக இருக்கிறோம்" என்பதற்கு ஒரு செக்கன்கூடத் தேவையில்லை.

அன்று உம்மாவுக்குத் தேவைப்பட்டதும் அந்த ஒரு வரிதான்.