சாளையில் நிற்கும் பழைய ஹெரால்டு: முன்பணம் கொடுப்பதற்கு முன்

கணியூர்ப் பக்கமோ கொழுமம் பக்கமோ ஒரு தோட்டத்துச் சாளையில் தார்ப்பாய் போர்த்திய ஸ்டாண்டர்டு ஹெரால்டு உங்கள் கண்ணில் படுகிறது. “சும்மாதாங்க நிக்குது, எடுத்துக்குங்க” என்கிறார் தோட்டக்காரர். விலையும் கையைக் கடிக்காது போலத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். அது என்ன வண்டி, அதன் மதிப்பு என்ன என்ற இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகு பணத்தை எடுக்கலாம்.

முதலில், அது என்ன வண்டி?

டிரையம்ஃப் ஹெரால்டு 1959-ல் பிரிட்டனில் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், 1961 முதல் அதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் இங்கேயே தயாரித்தது. தொடக்கத்தில் இரண்டு கதவுதான். பின்னர் வந்த மார்க் 3-க்கு நான்கு கதவு. நான்கு கதவு ஹெரால்டை பிரிட்டனில் தயாரிக்கவே இல்லை. ஆகவே நான்கு கதவு வண்டியைக் காட்டி “இது லண்டன்ல இருந்து வந்தது” என்று யாராவது கூடுதல் விலை சொன்னால், அந்தக் கதையை நம்ப வேண்டாம்.

எந்த நம்பரைப் பார்ப்பது?

ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் நம்பரும் (சேசிஸ் என்றால் வண்டியின் அடிச்சட்டம்) இன்ஜின் நம்பரும் இருக்கும். வண்டியில் ரிவெட் அடித்த ஒரு தகட்டிலும், இன்ஜின் பிளாக்கிலும் நம்பர்கள் இருக்கும். இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ‘ஏறக்குறைய ஒன்றுதான்’ என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை.

கண்ணால் படித்தால் போதுமா?

போதாது. நம்பர் குத்திய இடத்தில் கிரீஸும் பெயின்டும் அப்பியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மெல்லிய வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்த்தால் எழுத்துகள் தாளில் ஏறும். இன்சூரன்ஸுக்கு எடுப்பார்களே, அதே பென்சில் பிரிண்ட்தான். கண்ணுக்குத் தப்பியது தாளில் தெரியும்: ஓர் எண் மட்டும் பருத்திருக்கும், ஒன்று வரிசையை விட்டு இறங்கியிருக்கும், சுற்றிலும் கிரைண்டர் ஓடிய கோடுகள் இருக்கும். தகட்டின் ரிவெட்டுகளையும் உற்றுப் பாருங்கள். துருப்பிடித்த உடம்பில் பளபளக்கும் ரிவெட் இருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

ஹெரால்டில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. அம்பாசடர், ஃபியட் வண்டிகளில் உடம்பும் அடிச்சட்டமும் ஒன்றாகச் செய்தவை; இதில் அப்படி இல்லை. தனி அடிச்சட்டத்தின் மேல் பாடியைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். பழுது பார்க்க அது பெரிய வசதி. ஆனால் ஒரு வண்டியின் பாடியைக் கழற்றி இன்னொன்றின் அடிச்சட்டத்தில் உட்கார வைப்பதும் அதே அளவு எளிது. பாடியில் இருக்கும் தகடு, கீழே இருக்கும் அடிச்சட்டத்தைப் பற்றி எதையும் உறுதி சொல்லாது.

இன்ஜின் மாறியிருந்தால்?

இங்கே தயாரான ஹெரால்டின் இன்ஜின் 948 சி.சி. உதிரி பாகம் கிடைக்காமல் வேறு இன்ஜினை ஏற்றிய வண்டிகள் உண்டு. அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்றியிருந்தால் சட்டப்படி சிக்கல் இல்லை. பழமைக்கான மதிப்பு மட்டும் குறையும். ஏற்றாமல் விட்டிருந்தால், பெயர் மாற்றப் போகிற நாளில் அந்தச் சுமை உங்கள் தலையில் விழும்.

ஆர்.சி. தொலைந்துவிட்டது என்கிறார்களே?

நம் ஊரில் அடிக்கடி கேட்கும் பதில் இது. நம்பர் பிளேட்டிலிருந்து தொடங்குங்கள். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கினால் சென்னை மாநிலம் என்று பெயர் இருந்த காலத்துப் பதிவு. 2009-ல் திருப்பூர் மாவட்டம் பிறக்கும்வரை கணியூரும் கொழுமமும் அடங்கிய மடத்துக்குளம் பகுதி கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. அதனால் பழைய பதிவேடு உடுமலையில் இல்லாமல் கோவையில் இருக்கலாம். பரிவாகன் இணையதளத்தில் தேடி, வண்டி வரவில்லை என்றால் பதிவே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பழைய பதிவுகள் பல கணினியில் ஏறவில்லை. உரிமையாளரையே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்லி, அங்குள்ள பதிவேட்டில் உள்ள விவரத்தின் நகலை வாங்குங்கள். முன்பணம் அதற்குப் பிறகுதான்.

ஆர்.சி.யில் இருக்கும் பெயர் தாத்தாவுடையது என்றால், விற்பவரின் கையெழுத்து மட்டும் போதாது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். மற்ற வாரிசுகள் எல்லாரும் சம்மதம் எழுதித் தர வேண்டும். தோட்டத்தில் பங்கு கேட்காத பங்காளி, கார் விலைபோனதும் வந்து நிற்பார்.

வெளிநாட்டு வண்டி என்றால் சுங்கத் தாள்களையும் கேளுங்கள். 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத் துறை ‘ஆபரேஷன் நும்கோர்’ என்ற பெயரில் சோதனை நடத்தி, பூட்டான் வழியாக முறைகேடாக வந்ததாகச் சொல்லிப் பல வண்டிகளைக் கைப்பற்றியது. வண்டியை எடுத்துப் போவது வாங்கியவர் வீட்டு வாசலிலிருந்துதான்.

இரும்பு அசலாக இருந்தால் போதாதா, தாளுக்கு ஏன் இத்தனை மதிப்பு?

1990-ல் லண்டன் நீதிமன்றத்தில் இதுவே வழக்காக வந்தது. 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மான்ஸ் பந்தயத்தில் வென்ற பென்ட்லி ‘ஓல்டு நம்பர் ஒன்’ வண்டியை ஒரு கோடி பவுண்டுக்குப் பேசி முடித்தார்கள். பிறகு, பந்தயத்தில் ஓடிய பாகங்கள் அதில் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை என்று வாங்குபவர் பின்வாங்கினார். பாகங்கள் மாறினாலும் வண்டியின் வரலாறு எங்கும் அறுபடவில்லை, அதனால் அது அதே வண்டிதான் என்று தீர்ப்பானது. அறுபடாத அந்தத் தொடர்ச்சிக்குச் சாட்சி பழைய ஆர்.சி., வரி ரசீது, இன்சூரன்ஸ் தாள், வண்டியோடு குடும்பம் எடுத்த போட்டோ. பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியையும் பார்த்துவிடுங்கள்.

சரி, என்ன விலை கொடுக்கலாம்?

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். வேலை முடிந்து ஓடுகிற அதே மாடல் ஐந்து லட்சத்துக்குப் போகும் என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். டிங்கரிங், பெயின்ட், இன்ஜின், சீட் வேலைக்கு மூன்றரை லட்சம். இல்லாத பாகங்களுக்கு எழுபத்தைந்தாயிரம். தாள் வேலைக்கு இருபத்தைந்தாயிரம். மிச்சம் ஐம்பதாயிரம், வண்டிக்கு உச்ச விலை அதுதான். நம்பர் ஒத்துப்போகாவிட்டால் அந்த ஐம்பதாயிரமும் கிடையாது, உதிரி பாகத்தின் விலை மட்டுமே.

செலவைக் கூட்டுவது இல்லாத பாகங்கள்தான். இன்ஜினை லேத் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். முன் கண்ணாடி, விளக்கு வளையம், குரோம் பட்டை, மீட்டர் ஆகியவற்றுக்கு நாள்கணக்கில் அலைய வேண்டும். உடம்பைச் சோதிக்க ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி நகர்த்துங்கள். அது ஒட்டாத இடத்தில் பெயின்டுக்குக் கீழே இருப்பது பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை). பிறகு வண்டியைத் தூக்கி, அடிச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். துரு தங்குவது அங்கேதான்.

அசல் எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்க, கோவை அவினாசி சாலையில் ஜீடி கார் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு ஞாயிறை அதற்கு ஒதுக்கலாம்.

வாங்கிய பிறகு தினமும் ஓட்டலாமா?

2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யாத வண்டியை ‘வின்டேஜ்’ (பழம்பெருமை வாகனம்) என்று பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, பத்து ஆண்டுக்குச் செல்லும். மறுபதிவுக்கு ரூ.5,000. ஆனால் கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே சாலைக்கு எடுக்கலாம். பழநிக்கும் உடுமலைக்கும் தினமும் போய்வரத்தான் வண்டி வேண்டும் என்றால், சாதாரணப் பதிவைப் புதுப்பிக்க முடியுமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இத்தனை பழைய வண்டியின் இன்சூரன்ஸ் மதிப்புக்கு அட்டவணை கிடையாது. நிறுவனமும் நீங்களும் பேசி முடிவு செய்வது. நிலை சொல்லும் போட்டோக்களும் மதிப்பீட்டாளர் அறிக்கையும் கையில் இருந்தால் பேச்சு உங்கள் பக்கம் நிற்கும்.

விற்பனை ஒப்பந்தத்தில் இரண்டு நம்பர்களையும் எழுதி, பென்சில் பிரிண்ட்டை அதிலேயே ஒட்டி, இருவரும் அதன்மேல் கையெழுத்துப் போடுங்கள். வண்டியை ரெக்கவரி வேனில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்; இன்சூரன்ஸ் இல்லாமல் சாலையில் ஓட்டக்கூடாது. வாங்கியவர் பெயர் மாற்ற விண்ணப்பிக்கச் சட்டம் தரும் அவகாசம் 30 நாள்.