மூளைக் கட்டி அனுப்பும் தூதுகள்

நீலகிரி ஜில்லாவில், கூடலூரை அடுத்த தேவர்சோலையில், தேயிலை பறிக்கும் தொழிலாளி ஒருவருக்குத் தலைவலி கண்டால் மழையின் மீதும் பனியின் மீதும் பழியைப் போட்டுவிட்டு மறுநாளும் வேலைக்குப் போவார். வாந்தியும் வலிப்பும் சேர்ந்த பிறகே வைத்தியசாலை நினைவுக்கு வரும். மூளையில் கட்டி என்று சந்தேகம் பிறந்துவிட்டாலோ, கோயமுத்தூருக்கோ கோழிக்கோட்டுக்கோ மலையிறங்க வேண்டும். கட்டியின் இனத்தை நிச்சயிக்கக் கபாலத்தைத் துளைத்துச் சதைத்துண்டு எடுத்தாக வேண்டும். இவ்வளவு தொலைவையும் துன்பத்தையும் சிறிது இரத்தத்தைக் கொண்டு குறைக்க முடியுமா? விஞ்ஞானிகள் சில ஆண்டுகளாக ஆராய்ந்து வரும் விஷயம் இதுவே.

மூளைக் கட்டிகளில் மிகக் கொடியது கிளையோபிளாஸ்டோமா. 2005-ல் வெளியான பெரிய பரீட்சையொன்றில், கதிர் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 12.1 மாதங்களைத் தாண்டினர். டெமொசோலமைடு மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப்பேர் 14.6 மாதங்களைத் தாண்டினர். அவ்வளவே வெற்றி. கத்திக்கும் கதிருக்கும் இந்நோய் அடங்காதிருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, இது தனித்து வளர்வதன்று. அண்டை அயலாரைக் கெடுத்துத் தன் கட்சியில் சேர்த்துக்கொள்வது.

அதற்கு இது கையாளும் கருவி ஒரு நுண்பை. உயிரணுக்கள் தம் தோலிலிருந்தே மொட்டுவிட்டும், உள்ளே பைகளாகக் கட்டி வெளியே தள்ளியும் இவற்றை விடுகின்றன. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவே. இன்னும் சிறியனவும் உண்டு. 1983-ல் முதிராத சிவப்பணுக்களில் இச்செயல் காணப்பட்டபோது, வேண்டாத பொருளைக் களையும் வழி என்றே கருதினர். 1987-ல் அவற்றுள் ஒருவகைக்கு ‘எக்ஸோசோம்’ என்று பெயர் நிலைத்தது. குப்பைக்கூடை என்று எண்ணியது தபாற்பை என்பது 2007-ல் தெளிவாயிற்று, அதனுள் ஆர்.என்.ஏ. என்னும் கட்டளைச் சுருள்கள் இருந்தன.

மறு ஆண்டே அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கிளையோபிளாஸ்டோமா அணுக்களை ஆராய்ந்தனர். ஒளி தரும் புரதமொன்றின் கட்டளையைக் கட்டியணுக்களில் புகுத்தி, அவை வெளியிட்ட பைகளை மட்டும் பிரித்து, இரத்தக் குழாயின் உள்தோலணுக்களுக்கு அளித்தார்கள். கட்டளையைத் தாமாகப் பெற்றிராத அவ்வணுக்கள் அப்புரதத்தைச் செய்யத் தொடங்கின! அன்றியும் அவை குழாய்களாக நீண்டு வளரத் தூண்டப்பட்டன. புதிய இரத்தக் குழாய் என்றால் கட்டிக்குப் புதிய உணவு என்று பொருள். அதே ஆண்டு கனடா நாட்டார், வளர்ச்சியை முடுக்கும் கெட்ட புரதமொன்று இப்பைகளின் வழியே, அதைப் பெற்றிராத கட்டியணுக்களுக்கும் தாவுவதைக் காட்டினர். நோய்த்தடுப்பு அணுக்களை மயக்கும் புரதங்களும் இப்பைகளில் பயணம் செய்கின்றன.

1942-ல் கைமாறிக் கைமாறிச் சென்ற இரகசியத் துண்டுப் பிரசுரங்கள் நேயர்களுக்கு நினைவு வரலாம். நாட்டுக்கு உழைத்தவற்றை இப்பாதகனோடு ஒப்பிடுவது தகாதுதான். ஆயினும் வேலை நடக்கும் விதம் ஒன்றே. வேறுபாடு, இங்கே தூதர்கள் இரத்தத்திலும் அகப்படுகிறார்கள் என்பது. பாஸ்டன் ஆராய்ச்சியில் 25 நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்ததில் 7 பேரிடம் கட்டிக்கே உரிய அடையாளம் கிடைத்தது. அவ்வடையாளம் எல்லாக் கட்டிகளிலும் இருப்பதில்லை. ஆகவே எண்ணிக்கை குறைவென்று தள்ளிவிடுவதற்கில்லை. ஆனால் கபாலத்தைத் திறக்காமலே தீர்ப்புச் சொல்லவும் இது போதாது. பைகளைப் பிரிக்கப் பூமியின் ஈர்ப்பைப்போல் லட்சம் மடங்கு விசையில் சுழலும் யந்திரம் வேண்டியிருப்பதும் ஒரு தடை.

நம் நாட்டில் ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூரிலும், பா. ராமமூர்த்தி 1950-ல் சென்னையிலும் மூளை அறுவைத் துறையைத் தொடங்கினர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இக்கட்டியின் மரபணுக்களைப் பற்றி ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஆள் இல்லை, அறிவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கூடலூரில் எடுத்த இரத்தம் பேருந்தில் இறங்கட்டும், நோயாளி மலையிலேயே இருக்கட்டும் என்ற நோக்கோடு எளிய கருவி செய்ய யாரேனும் முனைய வேண்டும் என்பதே நம் குறை.

இதனிடையே ‘எக்ஸோசோம்’ ஊசி என்று சொல்லிச் சர்வரோகத்துக்கும் விற்போர் கிளம்பிவிட்டனர். அமெரிக்க மருந்து அதிகாரிகள் 2019-லேயே இவர்களைக் குறித்து எச்சரித்திருக்கிறார்கள். தேவர்சோலையில் காலையில் எழும்போதே மிகும் தலைவலியும் வாந்தியும், வயது வந்தபின் முதல்முறையாக வரும் வலிப்பும் கண்டவர் ஊசிக்காரனிடம் போகாமல், தலைக்கு ஸ்கேன் எடுக்குமிடம் கேட்டுப் போக வேண்டும். அந்த ஒரு நாள் கூலியைத் தோட்ட நிர்வாகம் பிடிக்கலாகாது.