சைனஸ் அடைப்பு: ஒரு ரயில்வேக்காரனின் விளக்கம்

நான் மருத்துவன் அல்லன். பொறியியல் டிப்ளமா படித்து, ரயில்வேயில் பாதை, பாலம் என்று உழைத்து ஓய்வு பெற்று ஒலவக்கோட்டில் வசிப்பவன். ஆயினும் இதை எழுதக் காரணம் உண்டு.

சென்ற தை மாதம். வாளையார்ப் பக்கமிருந்து வறண்ட காற்று வீசிக்கொண்டிருந்தது. குமுளியில் வாழும் என் மகள் போனில் அழைத்தாள். "அப்பா, உங்க மாப்பிள்ளைக்கு ஸ்கேன்ல மூக்குத் தண்டு வளைஞ்சிருக்காம். ஆபரேஷன்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு" என்றாள். நானும் மாப்பிள்ளையுடன் மருத்துவரிடம் போனேன். அங்கே தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நெற்றி, கன்னம், கண்களுக்கு இடையே, மூக்கின் பின்புறம் என நான்கு ஜோடிக் காற்றறைகள் நமக்கு உண்டு. இவையே சைனஸ். கன்ன அறையின் வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது! கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள்தான் சளியை மேல்நோக்கித் தள்ளுகின்றன. நெற்றி அறை, கன்ன அறை, கண்ணருகிலுள்ள முன்னறைகள் எல்லாம் ஒரே குறுகிய சந்தில் வந்து சேர்கின்றன. யார்டில் பல லைன்கள் ஒன்றுசேரும் இடத்தில் ஒரு வண்டி நின்றால் எல்லாம் நிற்குமல்லவா? அதே கதைதான்.

இந்தச் சந்தின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குத் தண்டு வளைந்திருக்கும். சிலருக்கு மூக்கினுள் உள்ள நடு மடிப்பெலும்பு காற்றடைத்து உப்பியிருக்கும். சிலருக்குக் கண்குழியின் கீழே ஹாலர் அறை என்னும் கூடுதல் சிற்றறை இருக்கும். இவை நோய்கள் அல்ல. ஒரு தொந்தரவும் இல்லாத பலருக்கும் இவை உண்டு. சிறிய கல்வெர்ட்டும் சுத்தமாக இருந்தால் மழைநீர் ஓடிவிடும். வாயில் சருகு அடைத்தால்தான் தேங்கும். ஜலதோஷமும் அலர்ஜியும் உண்டாக்கும் வீக்கமே அந்தச் சருகு.

மாப்பிள்ளைக்குத் தண்டு வளைந்திருந்தது இடப்பக்கம். அடைப்போ வலக் கன்னத்தில்! அங்கே உப்பிய மடிப்பு வாசலை நெருக்கியிருந்தது. உப்புநீர்க் கழுவலும் ஸ்பிரேயும் இரண்டு மாதம் தொடர்ந்தன. வலி போய்விட்டது. எலும்பு அப்படியேதான் இருக்கிறது; வீக்கம் வடிந்து வாசல் திறந்துகொண்டது. மருந்துக்கு அடங்காதவர்களுக்கு வாசலை அகலப்படுத்தும் எண்டோஸ்கோப் சிகிச்சை உண்டு. ஆஸ்திரியாவின் மெசர்க்ளிங்கர் வகுத்த இம்முறை 1980களில் உலகெங்கும் பரவியது.

அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள். மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் போடாதீர்கள். அடைப்பு முன்னிலும் மோசமாகும். மூக்கைக் கழுவக் கொதித்து ஆறிய நீரே வேண்டும். 2024, 2025 ஆண்டுகளில் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் உயிர்களைப் பறித்ததை மறக்கலாகாது. கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, கடுங்காய்ச்சலுடன் கழுத்து விறைத்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன். மருத்துவர் என் மூக்கையும் பார்த்தார். மாப்பிள்ளையை விட என் தண்டுதான் அதிகம் வளைந்திருக்கிறதாம்! இத்தனை வருடம் எனக்கே தெரியாது.