ஆயாம்மாவுக்கும் ஒரு கவர்

தீபாவளி நெருங்கினாலும் செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் வந்தாலும் டே கேர் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் மிஸ்ஸுக்கு என்ன வாங்கலாம் என்ற பேச்சு கிளம்பிவிடும். காபிக் கோப்பை, சாக்லேட் பெட்டி, கைப்பை, சேலை என்று யோசனைகள் குவியும். நன்றி சொல்ல நினைக்கும் அந்த மனம் நல்ல மனம்தான். ஆனால் பொருள் எதுவும் வேண்டாம், பணமாகவே கொடுங்கள், எல்லாப் பெற்றோரும் சேர்ந்து கொடுங்கள் என்பேன். முக்கியமாக, ஆயாம்மாவை விட்டுவிடாதீர்கள். ரைம்ஸ் சொல்லித் தரும் மிஸ் நம் கண்ணில் படுகிறார். விழுங்காமல் கன்னத்தில் அதக்கி வைத்திருக்கும் தயிர்சாதத்தைப் பொறுமையாக இறங்க வைப்பவர், நனைந்த ஜட்டியை அலசிப் பையில் போட்டு அனுப்புபவர், மதியம் தூக்கம் வராமல் சிணுங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக் கொடுப்பவர் பெரும்பாலும் ஆயாம்மாதான். பரிசு என்று வரும்போது முதலில் விடுபடுவதும் அவர் பெயர்தான்.

மாதாமாதம் ஃபீஸ் கட்டுகிறோமே, பிறகு எதற்குத் தனியாக என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஃபீஸில் கட்டட வாடகை, மின்கட்டணம், உணவுச் செலவு எல்லாம் போனபிறகு மிஞ்சுவதில்தான் சம்பளம். தீபாவளி போனஸும் எல்லாருக்கும் உறுதியில்லை. போனஸ் பற்றிய சட்டம் பொதுவாக 20 பேராவது வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் பொருந்தும். தெருமுனை டே கேரில் நாலைந்து பேர் இருந்தாலே அதிகம். பணம் கொடுத்தால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களே என்ற தயக்கமும் உண்டு. பண்டிகைக்குக் கையில் பணம் கொடுப்பது நம் ஊரில் புதிதல்ல. கவரில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டி, "உங்க பிள்ளைங்களுக்குத் துணி எடுங்கம்மா" என்று சொல்லிக் கொடுத்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஐந்தாவது காபிக் கோப்பையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

பரிசு கொடுத்தவர் பிள்ளைக்குத் தனிக் கவனிப்பு கிடைக்குமோ என்ற சந்தேகம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆளுக்கொரு பரிசாகக் கொடுத்தால் அது கட்டாயம் எழும். கொடுக்க முடியாத பெற்றோர் கூனிக்குறுகவும் நேரும். அவரவரால் முடிந்ததை ஒருவரிடம் சேர்த்து, யார் எவ்வளவு போட்டார்கள் என்று சொல்லாமல், எல்லார் பெயராலும் கொடுத்தால் இந்தச் சிக்கல் வராது. நிர்வாகிக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அரசு அங்கன்வாடிகளின் கதை வேறு. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் பணியாளருக்குத் தரப்படுவது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். 2018-ல் மத்திய அரசு அதை உயர்த்தியபோதும் மாதம் 4,500 ரூபாய்தான்; மேற்கொண்டு மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் சொன்னது. இங்கே கவரைவிட, அவர்கள் ஊதியம் கேட்டுப் போராடும் நாளில் மையம் பூட்டியிருக்கிறதே என்று எரிச்சல்படாமல் அவர்கள் பக்கம் நிற்பதே பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி.

தனியார் டே கேரானாலும் அங்கன்வாடியானாலும் காசு செலவில்லாமல் கொடுக்கக்கூடியது ஒரு கடிதம். "ரொம்ப நன்றி" என்று மட்டும் எழுதாமல், சேர்ந்த புதிதில் வாசலிலேயே அழுத பிள்ளை இப்போது தானாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடுகிறது என்று நடந்ததை எழுதுங்கள். மிஸ், ஆயாம்மா இருவர் பெயரையும் முழுதாகக் குறிப்பிட்டு, ஒரு பிரதியை நிர்வாகிக்கோ மேற்பார்வையாளருக்கோ கொடுங்கள். சம்பள உயர்வு கேட்கும்போதும், வேறு இடத்தில் வேலை தேடும்போதும் அவர்கள் எடுத்துக் காட்ட அந்தத் தாள் உதவும்.