கலையாத கழகம்

பறக்கும் தட்டை எறிந்து பிடிக்கும் அல்டிமேட் ஃபிரிஸ்பீ, 1968-ல் அமெரிக்காவின் மேப்பிள்வுட் ஊர்ப் பள்ளி மாணவர்கள் கண்ட ஆட்டம். அணிக்கு ஏழு பேர். நடுவரே கிடையாது!

அங்கே பொழுதுபோக்குக்காக ஆடும் கழகம் ஒன்றில் 120 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் 66 பேர் புதிதாகச் சேர்கிறார்கள். அவர்களில் 60 பேர் ஓராண்டிலேயே நின்றுவிடுகிறார்கள். மீதி 6 பேர் பத்தாண்டு ஆடுகிறார்கள். பதினொருவரில் பத்துப் பேர் போய்விட்டால் கழகம் கலையாதா? செயலாளர் அஞ்சுவது இயற்கையே.

நீங்கள் மைதானத்துக்குப் போய் எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு ஆறு பேராகச் சேர்ந்த நிலையான ஆட்டக்காரர்கள் 60, ஓராண்டுக்காரர்களும் 60. சரிபாதி! வருவோர் கணக்கு வேறு, இருப்போர் கணக்கு வேறு.

மூத்தவர்கள் புதியவருக்கும் தட்டை எறிந்து, ஆண்டுதோறும் இன்னும் ஒரே ஒருவரைத் தக்கவைத்தால்? பத்தாண்டில் நிலையானவர் 70, ஓராண்டுக்காரர் 59. கழகத்தில் 129 பேர்!