சுருள்வில்லும் சுழல் சக்கரமும்

சாரல் காலம் வந்துவிட்டால் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில் ஊர்திகளுக்குக் குறைவே இராது. மதுரைப் பக்கமிருந்து வரும் கார்களும், கேரளத்திலிருந்து ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து செங்கோட்டை வழியாக வரும் கார்களும் ஐந்தருவியையும் பேரருவியையும் நாடி விரைந்துகொண்டே இருக்கும். அருவியின் அழகைப் பற்றி எழுதாத இதழ் இல்லை. ஆகவே இம்முறை நாம் அருவியை விட்டுவிட்டு, அங்கே செல்லும் கார்களைச் சற்று உற்று நோக்குவோம்.

சாலையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. ஒரு கார் அதன் மேல் ஏறி இறங்கி, ஒரே முறை தலை குனிந்து நிமிர்ந்து, அமைதியாகச் சென்றுவிடுகிறது. இன்னொரு கார் மூன்று நான்கு முறை தலையாட்டிய பின்பே அடங்குகிறது. மூன்றாவது கார் 'டக்' என்று இடித்துக்கொண்டு, உள்ளே இருப்பவர்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறது. சாலை ஒன்றுதான், தடையும் ஒன்றுதான். நடை மட்டும் ஏன் வேறுபடுகிறது? சக்கரத்திற்கும் காரின் உடலுக்கும் இடையே மறைந்திருக்கும் தாங்கமைப்பே இதற்குக் காரணம். பட்டறைகளில் இதனைச் 'சஸ்பென்ஷன்' என்பார்கள். இந்தத் தாங்கமைப்பைப் பந்தயத்திற்கு ஏற்ப மாற்றுவது எப்படி, அதை நம் சாலைக்குக் கொண்டுவருவது சரியா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வில் செய்யும் வேலை

தாங்கமைப்பின் முதல் உறுப்பு சுருள்வில். அதன் குணத்தை நம் இயற்பியல் பாடத்தில் வரும் ஒரே விதி சொல்லிவிடுகிறது. இங்கிலாந்து நாட்டு அறிஞர் இராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி அது. வில்லின் மேல் எவ்வளவு விசை செலுத்துகிறோமோ, அதற்கு நேர்விகிதத்தில் அது நீளும் அல்லது அமுங்கும். 100 கிராம் எடைக்கு 2 செ.மீ. நீளும் வில், 200 கிராம் எடைக்கு 4 செ.மீ. நீளும். இவ்வளவுதான் விதி. ஆயினும் இதை வைத்துக்கொண்டு ஒரு பந்தயக் காரின் கணக்கையே போட்டுவிடலாம்.

மாருதி 800 காரை எடுத்துக்கொள்வோம். 1983-இல் வெளிவந்து, முப்பது ஆண்டுகள் தயாரிக்கப்பட்ட இச்சிறு காரை அறியாத தெரு நம் நாட்டில் இல்லை. இதன் எடை ஏறக்குறைய 650 கிலோ. என்ஜின் முன்பக்கம் இருப்பதால் பாதிக்கு மேற்பட்ட எடை முன்சக்கரங்களின் மேல் விழுகிறது. ஒரு முன்பக்க வில் 200 கிலோவைச் சுமப்பதாகக் கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். 20 கிலோவிற்கு 1 செ.மீ. அமுங்கும் வில்லானால், கார் நிற்கும்போதே அது 10 செ.மீ. அமுங்கியிருக்கும். இப்போது கார் வேகமாக வளைவில் திரும்புகிறது. எடை வெளிப்பக்கச் சக்கரத்திற்குச் சாய்கிறது. கூடுதலாக 80 கிலோ அங்கே சென்றால், வில் இன்னும் 4 செ.மீ. அமுங்கும். உட்பக்க வில் 4 செ.மீ. எழும்பும். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, டயர் தன் விளிம்பில் நிற்கும். 40 கிலோவிற்கு 1 செ.மீ. அமுங்கும் கடின வில்லை வைத்தாலோ இச்சாய்வு பாதியாகக் குறைந்துவிடும். பந்தயக்காரர்கள் கடின வில்லை நாடுவதன் காரணம் இதுவே.

அப்படியானால் வில்லே வேண்டாம், இரும்புக் கட்டையையே வைத்துவிடலாமே என்று தோழியர் கேட்கலாம். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. காரைச் செலுத்துவது, திருப்புவது, நிறுத்துவது ஆகிய மூன்றும் டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வினால்தான் நடக்கின்றன. ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவே. அந்த நான்கு உள்ளங்கைகள்தாம் காரைக் காக்கின்றன. வில் அளவுக்கு மீறிக் கடினமானால், சிறு மேட்டில் ஏறியதும் சக்கரம் தரையை விட்டுத் துள்ளிவிடும். காற்றில் நிற்கும் சக்கரத்திற்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. ஆகவே தாங்கமைப்பின் நோக்கம் காரைக் கடினமாக்குவதன்று. சக்கரத்தை எந்நேரமும் தரையோடு பிணைத்து வைப்பதே.

துள்ளலை அடக்குவது யார்?

அமுங்கிய வில் தன் ஆற்றலைத் திருப்பித் தரும். ஊஞ்சலை ஒருமுறை தள்ளிவிட்டால் பலமுறை ஆடுவது போல, தனி வில் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது 'ஷாக் அப்சார்பர்'. சைக்கிள் பம்பின் வாயைப் பாதி அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். கை மெதுவாகத்தான் இறங்கும். ஷாக் அப்சார்பருக்குள் காற்றுக்குப் பதில் எண்ணெய் இருக்கிறது. சிறு துளைகள் வழியே எண்ணெய் நெருக்கியடித்துச் செல்லும்போது வில்லின் ஆற்றல் வெப்பமாக மாறி மறைகிறது. வேகத்தடையில் நான்கு முறை தலையாட்டிய காரின் நோய் இப்போது விளங்கும். அதன் வில் நலமாகவே இருக்கிறது. ஷாக் அப்சார்பர்தான் ஓய்ந்துவிட்டது.

இவ்விரண்டையும் ஒன்றாக இணைத்து, ஷாக் அப்சார்பரைச் சுற்றியே சுருள்வில்லை அமைத்தால் அதற்குக் 'காயில் ஓவர்' என்று பெயர். இது ஏதோ அண்மையில் அயல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று எண்ண வேண்டாம். சென்னையை அடுத்த தொழிற்சாலையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் முன்சக்கரங்களில் இவ்வமைப்பே இருந்தது. மாருதி 800 காரின் முன்பக்கத்திலும் வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே தண்டில்தான் அமைந்துள்ளன. அமெரிக்கப் பொறியாளர் மெக்ஃபெர்சன் வகுத்த முறை அது. பந்தயத்திற்கென்று தனியே விற்கப்படும் காயில் ஓவரில் உள்ள வேறுபாடு, அதன் உடலில் திருகு மரை வெட்டப்பட்டிருப்பதுதான். வில் அமர்ந்திருக்கும் வளையத்தை மரையில் ஏற்றி இறக்கி, காரின் உயரத்தை மாற்றலாம்.

நம் மாநிலத்துப் பந்தயத் தடங்கள்

மோட்டார் பந்தயத்தில் தமிழகம் நாட்டிற்கே முன்னோடி. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்தது. போர் முடிந்த பின் அங்கே பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. வெளிநாட்டுப் பந்தயக் கார்கள் எளிதில் கிடைக்காத காலம் அது. நம்மவர் வீதியில் ஓடிய ஃபியட், ஹெரால்டு முதலியவற்றையே பிரித்துக் கோத்துப் பந்தயத்திற்கு ஆயத்தம் செய்தனர். 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் திறக்கப்பட்டது. கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 காரின் என்ஜினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். 1995-இல் அவர் மறைந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அதே கோவையின் நாராயண் கார்த்திகேயன் இச்சிறு ஃபார்முலா மாருதியில் தொடங்கி, 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார். சிறிய கார் என்று எதையும் இகழக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பொருத்தும் முறை

காயில் ஓவரைக் கடையில் வாங்கிவிடலாம். பொருத்தத்தை வாங்க முடியாது. அதை அளந்து, கணக்கிட்டு, நாமே உண்டாக்க வேண்டும்.

முதலில், காரின் பழைய அமைப்பு எவ்வகை என்று பார்க்க வேண்டும். மாருதி 800 காரின் முன்பக்கம் போல ஒரே தண்டாக இருந்தால் வேலை எளிது. பழைய தண்டின் இடத்தில் புதியதை வைக்கலாம். ஆனால் பல சிறு கார்களின் பின்பக்கத்தில் வில் ஓரிடத்திலும் ஷாக் அப்சார்பர் வேறோரிடத்திலும் இருக்கும். காரின் எடை முழுவதையும் வில் அமரும் இடமே தாங்கும். ஷாக் அப்சார்பரின் மேல்முனை எடை தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. அங்கே காயில் ஓவரைப் பொருத்தினால் எடையெல்லாம் அந்த மெல்லிய தகட்டின் மேல் விழும். தகட்டிற்கு வலுவூட்டாவிட்டால் நாளடைவில் அது விரிசல் கண்டு கிழிந்துவிடும்.

ஃபியட் வழிவந்த பிரீமியர் பத்மினி போன்ற கார்களின் பின்பக்கம் இன்னும் கடினம். அங்கே இருப்பது பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். அது எடையைத் தாங்குவதோடு நிற்பதில்லை; பின் அச்சு முன்னும் பின்னும் நகராமலும், பக்கவாட்டில் விலகாமலும் பிடித்துக்கொள்கிறது. அதைக் கழற்றிச் சுருள்வில்லை வைத்தால், எடை தாங்க ஆள் உண்டு, அச்சைப் பிடிக்க ஆள் இல்லை! ஆகவே அச்சை முன்பின் பிடிக்கும் தண்டுகளையும், பக்கவாட்டில் பிடிக்கும் ஒரு குறுக்குத் தண்டையும் புதிதாக அமைத்தாக வேண்டும்.

இரண்டாவது, நெம்புகோல் கணக்கு. வில் சக்கரத்தின் மேலேயே இராமல், ஒரு கையின் நடுவில் இருப்பதாகக் கொள்வோம். சக்கரம் 4 செ.மீ. எழும்பினால் வில் 2 செ.மீ.தான் அமுங்கும். 40 கிலோவிற்கு 1 செ.மீ. அமுங்கும் வில்லானால் அது 80 கிலோ விசையைத் தரும். ஆனால் நெம்புகோலால் அதில் பாதி, அதாவது 40 கிலோவே சக்கரத்தைச் சேரும். 4 செ.மீ.க்கு 40 கிலோ எனில் 1 செ.மீ.க்கு 10 கிலோதான். வில்லின் கடினத்தில் நான்கில் ஒரு பங்கே சக்கரத்திற்குக் கிட்டுகிறது! இதை அறியாமல் ஒரு காரின் வில்லை இன்னொரு காரில் வைப்பது, ஒருவருடைய மூக்குக்கண்ணாடியை இன்னொருவருக்கு மாட்டுவது போலாகும்.

மூன்றாவது, உயரம். வளையத்தைத் திருகினால் வில் கடினமாகிவிடும் என்று பலரும் எண்ணுகின்றனர். அது தவறு. 200 கிலோ சுமக்கும் வில், வளையம் எங்கிருந்தாலும் 200 கிலோவைத்தான் சுமக்கிறது; அதே 5 செ.மீ.தான் அமுங்குகிறது. காரின் உடல் உயர்வதும் தாழ்வதுமே மாற்றம். தாழ்த்துவதற்கும் எல்லை உண்டு. அளவுக்கு மீறித் தாழ்த்தினால் ஷாக் அப்சார்பருக்குள் தண்டு நகர இடமின்றி, ஒவ்வொரு மேட்டிலும் அடியில் முட்டும். வேகத்தடையில் 'டக்' என்று இடித்ததே ஒரு கார், அதற்கும் இத்தகைய இடநெருக்கடியே காரணமாக இருக்கலாம்.

நான்காவது, சமன்பாடு. வகுப்பில் ஆடும் பெஞ்சை நாம் எல்லோரும் அறிவோம். ஒரு கால் குட்டையானால் எடை முழுவதும் மூலைவிட்டமாக இரு கால்களில் நிற்கும். காரும் அப்படியே. நான்கு சக்கரங்களின் அடியிலும் நான்கு எடைப்பொறிகளை வைத்து, ஓட்டுநரின் எடையையும் சேர்த்து, வளையங்களைச் சிறிது சிறிதாகத் திருகி எடையைச் சரிசெய்வார்கள். இது முடிந்த பிறகே சக்கரங்களின் சாய்வையும் நேர்கோட்டையும் சீர்ப்படுத்துவார்கள்.

நம் சாலைக்கு ஏற்றதா?

இவ்வளவும் பந்தயத் தடத்திற்குரியவை. அத்தடத்தில் பள்ளமில்லை, எதிரே வரும் பேருந்தில்லை, சாலையைக் கடக்கும் குழந்தையில்லை. அத்தகைய தடத்திலும் மழை பெய்தால் தாங்கமைப்பை மென்மையாக்குவதே வழக்கம். ஈரத் தரையில் கடின வில் எளிதில் பிடியை இழந்துவிடும். நம் குற்றாலச் சாலையோ சாரல் மாதங்களில் நனைந்தே கிடப்பது. பந்தயக்காரர் மழையில் அஞ்சி விலக்கும் கடினத்தை, மழைக்கென்றே பெயர்பெற்ற ஊரில் விரும்பிப் பூட்டுவது அறிவுடைமையாகுமா?

கார் தாழ்வாக இருந்தால் அழகு என்று கருதி, காயில் ஓவர் வாங்கப் பணமில்லாதோர் பழைய வில்லையே அறுத்துக் குட்டையாக்குவதும் உண்டு. இது மிகக் கொடிய செயல். சுற்றுகள் குறையக் குறைய வில் கடினமாகும், நீளமும் குறையும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும் வேளையில் குட்டை வில் தன் இருப்பிடத்தை விட்டே நழுவக்கூடும். டயர் மட்கார்டில் உரசும். காருக்குள் இருப்பவரோடு, அருவிக்கு நடந்து செல்பவரும் அதற்கு விலை கொடுக்க நேரும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக ஊர்தியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியுள்ளது.

தோழியரே! கார், பட்டறை, பந்தயம் என்றாலே அவை ஆண்களுக்குரியவை என்று ஒதுங்கிவிட வேண்டாம். சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா பைக் பந்தயத்திலும் கார் பந்தயத்திலும் ஓடிப் புகழ் பெற்றிருக்கிறார். மேலே கண்ட கணக்குகளில் ஹூக் விதியும் நெம்புகோலும் நேர்விகிதமும் தவிர நாம் படிக்காதது எதுவும் இல்லை. அடுத்த முறை நம் வீட்டார் வாடகைக் கார் அமர்த்தும்போது, அதன் ஒரு மூலையைக் கையால் அழுத்தி விட்டுப் பார்ப்போம். ஒருமுறை எழுந்து நின்றுவிட்டால் ஏறி அமரலாம். ஆடிக்கொண்டே இருந்தால், "அண்ணே, ஷாக் அப்சார்பரைக் கொஞ்சம் பாருங்கள்" என்று பணிவோடு சொல்லலாம். படித்த பாடம் ஓர் உயிரைக் காக்குமானால், அதைவிடப் பெரிய மதிப்பெண் வேறு ஏது?

— பத்தாம் வகுப்பு மாணவி